பல் முளைக்கக் கட்டிய சுறாப்பல்

எனக்கு எழுதப் பழக்கமில்லை, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு இரண்டு வயதாகியும் ஒரு பல்கூட முளைக்கவில்லை; அழவும் மாட்டாள். "இன்னா சாது பாரு!" என்று ராயபுரம் குப்பத்தில் மெச்சினார்கள். மாமியார், "உன் பால்ல சத்து கீதாடி?" என்று என்னைத் திட்டிவிட்டு, பல் முளைக்கக் குழந்தை கழுத்தில் சுறாப்பல் கட்டினார். அதை நம்பிக் காத்திருந்தோம்.

நாலு வயதிலும் பல் வராமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். டாக்டரம்மா அந்தச் சுறாப்பல்லை விலக்கிக் கழுத்தைத் தடவி, "இங்கே இருக்கிற சுரப்பி வேலை செய்யவில்லை. கைக்குழந்தையாகவே கொண்டுவரக் கூடாதா?" என்றார். மாத்திரையில் பல் வந்தது, புத்தி வளரவில்லை. கலியாண வயது தாண்டியும் நான்தான் ஊட்டுகிறேன்.

இப்போது பல் தாமதமான குழந்தையைக் கண்டால், கூச்சத்தை விட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறேன். "எல்லாம் ஒன் பொண்ணு மாரியே இருக்குமா?" என்று ஏச்சும் வாங்குகிறேன்.

சுரப்பியின் பேர் மறந்துபோச்சு. டாக்டர் யாராவது சரிபார்த்து எழுதுங்கள்.