கயிறு கட்டிய தறி

ஏகாம்பரநாதர்மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் நாளைக்கே தறியில் என் பாவு நூல் நடுவில் அறுந்து போகட்டும். பட்டுத்தறி என்பது ஆளை இடுப்புவரை புதைத்துவிட்டு வேலை வாங்கும் தொழில். குழியில் கால் மரத்துப்போன மகராசன்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

மாட்டின் கொம்பு

குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவைக் கையால் வீசாமல் கயிற்றால் இழுப்பதுதான் கயிற்று நாடா; எங்கள் தெருவில் அதை முதலில் வைத்தவன் நான். ஐயம்பேட்டைத் தச்சர் வந்து இரண்டு பக்கமும் பெட்டி அடித்து, நடுவில் கயிறு தொங்கவிட்டார். முதல் இழுப்பிலேயே நாடா பெட்டியை விட்டுப் பறந்து, தெருவைத் தாண்டி, தேரடியில் படுத்திருந்த மாட்டின் கொம்பில் செருகிக்கொண்டது. மாடு அதோடு ஐயம்பேட்டைக்கே ஓடிவிட்டது. தச்சர்தான் மறுநாள் மீட்டுக் கொண்டுவந்தார்.

அப்புறம் சரியாக ஓடிற்று. "கயித்தை இழுத்தா எல்லாம் தானா வருது பாரு!" என்று தெருவெல்லாம் கத்தினேன். தறியின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த கன்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. என் தங்கை செல்லம்மாவின் புருஷன். புடவையின் உடலும் கரையும் வேறு நிறமாக இருந்தால் அது கோர்வை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் "போடு" என்பேன், அவன் கரை நாடாவை வீசிவிட்டு "ஆச்சு" என்பான். பன்னிரண்டு வருஷம் அப்படித்தான்.

அவன் கேட்டான்: "நல்லாத்தான் ஓடுது மச்சான். இந்தாண்ட நான் எதைப் புடிக்கிறது?"

முதலாளியின் கணக்கு

கயிற்றில் கோர்வை வராது. ஒரே நிறப் புடவை வரும், மளமளவென்று வரும். பட்டு கொடுக்கும் முதலாளி வந்து, ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் நின்று பார்த்தார். கன்னியப்பனும் அங்கேதான் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

"ஒரே நிறமாவே நெய்யிப்பா, எவ்ளோ வந்தாலும் எடுத்துக்கறேன். அந்தாண்ட ஒரு ஆளு எதுக்கு தண்டமா?"

பழக்க தோஷம்

கன்னியப்பன் குடும்பத்தோடு வாலாஜாபாத் நெல் மிஷினுக்கு மூட்டை தூக்கப் போனான். நான் தனியாக நெய்தேன். கை கயிற்றை இழுக்கும், வாய் "போடு" என்னும். பதில் வராவிட்டால் கை தானாக நின்றுவிடும். பாதி வேகம் அதிலேயே போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"யாராண்ட பேசிக்கினு இருக்கிற? குழியில நீ ஒருத்தன்தானே இருக்கிற?"

வாலாஜாபாத்

ஐப்பசியில் முதலாளி ஓடி வந்தார். பெரிய இடத்துக் கல்யாணமாம். கோர்வைப் புடவைதான் வேண்டுமாம். கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு ரயிலேறினேன். என் வீச்சு தெரிந்த கை கன்னியப்பனுடையது ஒன்றுதான். 'முதலாளியே கூப்பிடறார், வா மச்சான்' என்று சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மிஷின் வாசலில் செல்லம்மா உமி அள்ளிக்கொண்டிருந்தாள். கன்னியப்பன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் துண்டை இழுத்து வலது தோளை மூடிக்கொண்டான். மூட்டை தூக்கப் போனவனை மிஷின் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், பெல்ட் கையை இழுத்துக்கொண்டதாம். ஆடி மாசமே. எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

வந்த காரியத்தை எப்படியோ சொல்லிவிட்டேன். செல்லம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"கயித்தை இழுத்தா எல்லாம் தானா வரும்னியே அண்ணே. இழுத்துப் பாரு, அவரு கை வருதான்னு."

திரும்பி வந்து கயிற்றை மறுபடி கட்டினேன். இன்றைக்கும் என் தறியில் நாடா கண்ணிமைக்குமுன் ஓடிவிடுகிறது, "போடு" என்றதற்குத்தான் இன்னும் பதில் வரவில்லை. இதையெல்லாம் நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதீர்கள், செல்லம்மா காதில் விழுந்துவிடும், அவள் இன்னும் வாலாஜாபாத்தில்தான் இருக்கிறாள்.