கோடு மட்டும் எடுத்த படம்

முப்பது வருஷமாக அச்சு மெஷினே கதியென்று கிடந்தவரை எல்லாரும் கலர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். தாள் வெளியே வந்ததும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பார். சிவப்பு ஏறிவிட்டதா, மஞ்சள் ஒதுங்கிவிட்டதா, அவ்வளவுதான். தாளில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். ஒவ்வொரு வேலையிலும் சுத்தமாக வந்த ஒரு தாளை மகளுக்கென்று எடுத்து வைப்பார். அவள் வாழ்க்கைப்பட்டது பக்கத்து நாட்டில்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. குட்டிச் சட்டைகளோடு, புதிதாக அடித்த பெரிய தேசப்படம் ஒன்றையும் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். இது இந்துக்களின் தேசம் என்று மேடைக்கு மேடை முழங்குகிற ஓர் அமைப்பு கொடுத்த வேலை அது. காவி கொஞ்சம் பிசகினாலும் செங்கல் நிறமாகிவிடும். பிசகாமல் அடித்திருந்தார். அந்தப் பெருமை அவருக்கு.

அவர் கிளம்புவதற்கு முன்பே அதே படத்தால் பக்கத்து நாட்டில் ரகளையாகி, எல்லையின் இரண்டு பக்கமும் பட்டாளம் வந்து நின்றது. டிவியில் அவரும் கேட்டார். தன் மெஷினில் வந்த தாளையும் துப்பாக்கியையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கத்தான் தெரியவில்லை. அவரைச் சொல்லி என்ன? தெரிந்தவர்கள் மட்டும் வாயைத் திறந்தார்களா?

அந்தப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் அதிகாரி படத்தை மேஜையில் விரித்தார்.

"இதுல எங்க நாடு எங்க இருக்கு, பெரியவரே?"

அண்ணன் குனிந்து தேடினார். கடல்வரைக்கும் ஒரே காவி.

"இங்கதான் சார் இருக்கணும். எல்லைக்கோடு கறுப்பு மை அடிக்கிற பிளேட்டுல வரும். அவங்க எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டோம்."

"எடுத்துட்டீங்களா?"

"கோடு மட்டும்தான் சார்." அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "கோடே இல்லைன்னா எல்லாரும் ஒண்ணுன்னுதானே அர்த்தம்? அப்ப என்னை விடலாமே?"

கிண்டல் பண்ணுகிறாரோ என்று அதிகாரி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். கிண்டல் இல்லை.

"ஒண்ணாக்கறதுக்கு எங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

அண்ணன் ஜன்னல் வழியே பார்த்தார். வேலிக்கு அப்பால் மகள், கையில் பிள்ளையோடு காத்திருந்தாள்.

"என் பேத்தி சார். ஒரே ஒரு தடவை மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிடறேன். இந்தப் படம்தானே தப்பு?"

சொன்னதோடு நிற்காமல் படத்தை நாலாகக் கிழித்தார். நல்ல தாளைக் கிழித்துப் பழக்கமில்லாத கை அது.

அதிகாரி துண்டுகளைப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"மொத்தம் எத்தனை அடிச்சீங்க?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"நாப்பதாயிரம் சார்."

பாஸ்போர்ட் முத்திரை விழாமல் திரும்பி வந்தது. வெளியே வந்தபோது மகள் பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். அவ்வளவு தூரத்தில் அவருக்கு முகம் தெரியவில்லை.