கோடிச் சேலையில் ஒரு கல்யாணம்

கல்யாணப் பெண்ணை வேதக்கோயில் வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன திங்கட்கிழமை, திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். இன்னும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

பெண்ணின் அம்மா ஞானம்மாள் எங்களுக்குத் தூரத்து உறவு. கணவர் இறந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அப்போது ஞானம்மாளின் அண்ணன் தம்பிகள் வழக்கப்படி ஆளுக்கொரு புது வெள்ளைச் சேலை கொண்டுவந்து அவருக்குப் போர்த்தினார்கள் — கோடிச் சேலை. அதில் ஒன்று மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடந்தது.

இப்போது மகள் ரூத்துக்குக் கல்யாணம். துணிக்கோ கண்ட்ரோல்! இந்த யுத்த காலத்தில் ரேஷன் கார்டுக்கு என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்... அருப்புக்கோட்டையில் மூன்று நாள் கியூவில் நின்றும் கூறைச் சேலை கிடைக்கவில்லை. ஞானம்மாள் யோசித்தார். கோடிச் சேலையை எடுத்துப் போய் அங்கேயே ஒரு சாயப்பட்டறையில் கொடுத்துவிட்டார். நல்ல அரக்குச் சிவப்பு. கடைச் சேலை தோற்றுவிடும்.

சேதி எப்படியோ கசிந்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா — சபை மூப்பரும் அவர்தான் — வாசலை மறித்துக்கொண்டார்.

"கோடிச் சேலையில தாலி கட்டுறதா? எங்க வீட்டுப் பையன் நல்லா இருக்கணுமா, வேணாமா? வேற சேல கட்டிட்டு வரச் சொல்லுங்க!"

வேறு சேலைக்கு எங்கே போவது? உள்ளே பட்டுக் கட்டிய பெண்கள் பத்துப் பேர் இருந்தார்கள். ஒருத்தியாவது "எஞ்சேல ஒண்ணு தாரேன்" என்று எழுந்தாளா? மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

சரி, போதகர்? ஞானம்மாள் கணவரின் அடக்க ஆராதனையில் எரேமியா தீர்க்கதரிசியை எடுத்துப் பேசியவர் இதே போதகர்தான். ஆண்டவர் உங்கள் துக்கத்தைச் சந்தோஷமாக மாற்றுவார் என்று முக்கால் மணி நேரம்! இதே பெரியப்பா முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார். இப்போது போதகர், "ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லம்மா..." என்று இழுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஞானம்மாளே முன்னால் வந்துவிட்டார்.

"ஐயா, அவுக அடக்கத்தன்னைக்கு நீங்க சொன்னத நம்பித்தானே சேலயச் சாயத்துல போட்டேன்? அது சும்மா சொன்னதுன்னா இப்பவே சொல்லிருங்க. எம்மகள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

போதகரின் முகம் செத்துவிட்டது. பிறகு, "விலகுங்க மூப்பரே" என்று சொல்லி, ரூத்தைத் தாமே உள்ளே அழைத்துப் போனார். தாலி ஏறியது.

எனக்கு ஒன்று புரியவில்லை. துக்க வீட்டில் வசனம் சொல்ல எல்லோரும் ஓடி வருகிறோம். சொன்னது கண்முன்னால் பலிக்கும்போது மட்டும் ஏன் வாசலை மறிக்கிறோம்? ஆறுதல் சொல்வது நமக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது — அவர்கள் ஆறிவிட்டால்தான் தாங்க முடிவதில்லை!

பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தவர் யார் என்கிறீர்கள்? பெரியப்பாதான். பரிமாறியவர் ஞானம்மாள். மனிதர் இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கோடிச் சேலைதான் ஆகாது... கோடி போர்த்திக்கொண்டவர் கையால் போட்ட சோறு நன்றாகவே ஆகும்!