நான் தட்டாத ஹாஷ்டேக்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் தேத்தண்ணீர் போடப் போகிறேன் என்று எழும்பிவிடுகிறவள் நான். சண்டைக் காலத்தில் கண்டதெல்லாம் மனிதர் செய்ததுதான், அதற்கு மேல் பயப்பட எனக்கு நேரம் இருக்கவில்லை. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

சண்டை முடிந்து நாங்கள் மன்னாரில் எங்கள் ஊரான கீரிக்குத் திரும்பி வந்து வீட்டுக்குக் கூரை போட்ட கையோடு அம்மா ஒரே பிடியாக நின்றார், அக்காவைத் தேடு என்று. அம்மாவின் அக்கா, ரோசலின் பெரியம்மா, சண்டைக்குள் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனவர். எந்த முகாம், உயிரோடு இருக்கிறாரா, ஒன்றும் தெரியாது. இருந்தது ஒரே ஒரு படம். இடம்பெயர்ந்த இடமெல்லாம் செபப்புத்தகத்துக்குள் வைத்து அம்மா காப்பாற்றிய படம். கோயிலில் முதல்நன்மை வாங்கிய நாளின் வெள்ளை உடுப்பில் அக்காவும் தங்கையும் நிற்கிறார்கள்.

படத்தை இணையத்தில் போட்டேன். ஹாஷ்டேக் போட்டால்தான் தேடுகிறவர்களின் கண்ணில் படும் என்றார்கள். #கீரி என்று போட்டேன். தட்டிப் பார்த்தால் முழுக்கக் கீரியும் பாம்பும் சண்டை பிடிக்கிற வீடியோ. #மன்னார் என்றால் கழுதைகளும் கலியாண வீடுகளும். ஆங்கில எழுத்தில் போடலாமென்றால் கீரிக்கே மூன்று விதமான எழுத்துக்கூட்டல், பெரியம்மாவின் பிள்ளைகள் எதைத் தட்டுவார்கள் என்று நான் கண்டேனா? #குடும்பவரலாறு என்று போட்டதற்கு ஒரு சோதிடர் வந்து என் பிறந்த நேரம் கேட்டார். இப்படியே இரண்டு மாதம். நான் கந்தோரில் வேலை முடிந்து வந்து சைக்கிளை நிறுத்த முன்னமே அம்மா கேட்பார், "ஆரும் கதைச்சவையோ?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வம்சாவளி தேடுகிறவர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தேன். அதை நடத்துகிற ஜெனிற்றா அக்கா கனடாவில் இருக்கிறார். நான் போட்டதைப் பார்த்துவிட்டு ஃபோன் எடுத்தார்.

"ஏன் தங்கச்சி முப்பது ஹாஷ்டேக்? மூண்டு நாலு காணும். ஊர்ப்பேரைத் தனியப் போட்டா ஊரில உள்ள எல்லாம் வரும். உங்கட ஆக்கள் மட்டும் சொல்லுற ஒரு சொல்லு இருக்கும், வீட்டுப்பேர், பட்டப்பேர், அதை ஒட்டி எழுதுங்கோ."

அம்மாவிடம் கேட்டேன். "எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை" என்று முகத்தை வெட்டிக்கொண்டு போனார். தேடச் சொல்வதும் இவர், வாய் திறக்காததும் இவர். ஃபோனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெளிச்சமான பின்னேரம், மூன்று மணி இருக்கும். அம்மா பக்கத்துக் கதிரையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இனிக் கடைசித் தரம் என்று நினைத்துக்கொண்டு அந்தப் படத்தை மறுபடி ஏற்றி, # குறியை மட்டும்தான் தட்டினேன். ஒரு எழுத்துக்கூடத் தட்டவில்லை, எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். திரையில் தானாக ஒன்று வந்து நின்றது. #ஆறுவிரல்மரியான்வீடு.

இதென்ன கூத்து என்று சத்தமாக வாசித்தேன். அம்மாவின் கோப்பை நிலத்தில் விழுந்தது.

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஃபோன் காட்டுதம்மா."

"பொய் சொல்லாதை பிள்ளை."

அப்போதுதான் சொன்னார். அம்மாவின் தாத்தா மரியானுக்கு வலது கையில் ஆறு விரலாம். அயலார் அப்படித்தான் அந்த வீட்டைச் சொல்லிப் பழிப்பார்களாம். பெரியம்மா அதற்காகக் கோயில் வாசலில் ஒருத்தியின் தலைமயிரைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டதன் பிறகு, அந்தச் சொல்லை வீட்டுக்குள் ஒருவரும் எடுப்பதில்லையாம். நான் பிறந்ததிலிருந்து கேட்டதே இல்லை. பழையது பழுதாகி அந்த ஃபோனை வாங்கி ஒரு கிழமைகூட ஆகவில்லை.

"போடு" என்றார் அம்மா. போட்டேன்.

அன்று பொழுதுபடமுன்னம் ஒரு அழைப்பு வந்தது. பெரியம்மாவின் மகன் அன்ரன். தமிழ்நாட்டில் ஒரு முகாமில் இருந்து பேசுகிறான். "அக்கா, அது எங்கட அம்மாவின்ர படம்" என்றான்.

பெரியம்மா ஒரு கிழமையாகப் படுக்கையில் கிடந்தாராம். எழுதப் படிக்கத் தெரியாத மனுசி, ஃபோனைக் கையால் தொடாதவர், "அதில ஆறுவிரல் எண்டு எழுதடா, தங்கச்சி அங்க நிக்கிறாள்" என்று நச்சரித்தபடியே இருந்தாராம். இவனும் ஒவ்வொரு நாளும் எழுதிப் பார்த்திருக்கிறான், ஒன்றும் வரவில்லை. சேமக்காலையால் வந்து மனம் கேட்காமல் இன்னொருமுறை எழுதியபோதுதான் எங்கள் படம் வந்ததாம்.

"சேமக்காலையோ? ஆரைப் புதைச்சது?" என்றேன்.

"அம்மாவை, அக்கா. இண்டைக்குத்தான் அடக்கம். நீங்கள் எத்தினை மணிக்குப் போட்டனீங்கள்?"

"மூண்டு மணி இருக்கும்."

"அப்பத்தான் குழிக்குள்ள இறக்கினனாங்கள்."

அதை அம்மாவுக்கு நான் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. அந்தச் சொல்லை யார் தந்தார்களோ, தருவதென்றால் ஒரு கிழமைக்கு முன்னர் தந்திருக்கக்கூடாதா? இரண்டு கிழவிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் திரையிலாவது பார்த்திருப்பார்களே.

ஜெனிற்றா அக்கா நம்பவில்லை. அங்கே அன்ரன் தேடியதை இங்கே எனக்கு ஃபோன் காட்டியிருக்கும் என்றார். சரி, அவன் தேடியது ஆறுவிரல் என்று மட்டும். மரியான் என்று தனக்கொரு பூட்டன் இருந்ததே அவனுக்குத் தெரியாது. இதைச் சொன்னதும் அக்கா வேறு கதைக்குப் போய்விட்டார்.

நம்பினால் நம்புங்கள், அதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். இப்போதும் சில பின்னேரங்களில் நான் # தட்டினால் வேறொன்று வந்து நிற்கிறது. #மணற்கிணத்தடிசெபமாலைவீடு. அந்த வீட்டார் யாரென்று அம்மாவுக்கும் தெரியாது, ஊரில் விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியாது. தட்டிப் பார்த்தால் பதிவு எதுவும் இல்லை என்கிறது. யாரோ, எங்கேயோ, படுக்கையில் கிடந்து அதை எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்து விரலை வைப்பேன். போட்டதும் என்ன செய்தி வருமோ என்று எடுத்துவிடுவேன். இன்னும் போடவில்லை.