மாநிலம் மாறிய நர்ஸ்

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஆறு கட்டில் மட்டுமே இருந்த ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் தாட்சாயணி நர்ஸாக இருந்தாள். வயது முப்பத்தொன்று. மெட்ராஸில் நர்ஸ் படிப்பும் பிரசவப் பயிற்சியும் முடித்து, நர்ஸிங் கவுன்சிலில் பெயர் பதிந்தவள். அவளுடைய அப்பா, அவள் நைனா என்று கூப்பிடும் வீராசாமி, அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிப் பிழைத்தவர். அவர்கள் தெருவிலிருந்து வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான்.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஏன் என்று தெரியாமல் செய்வதுதான் பிடிக்கவில்லை. டாக்டர் வரதராஜன் ஒரு மருந்தை மாற்றச் சொல்வார். ஏன் சார் என்று கேட்டால், "அதெல்லாம் காலேஜ்ல சொல்லித் தருவாங்க, சிஸ்டர்" என்பார். குத்தலாகச் சொல்கிறவர் இல்லை. அதனாலேயே அது அவளுக்கு அதிகமாக உறைத்தது.

1959 கடைசியில் கம்பவுண்டர் நாகபூஷணம் தெலுங்குப் பேப்பரில் ஒரு விளம்பரத்தைப் படித்துக் காட்டினார். வேலையில் இருக்கும் நர்ஸ்களுக்குத் திருப்பதியில் பட்டப்படிப்பு. சனி, ஞாயிறு வகுப்பு. மூன்று வருஷம். வேலையை விட வேண்டாம். தாட்சாயணி அன்றைக்கே எழுதிப் போட்டாள். பத்து நாளில் பதில் வந்தது. ஆந்திராவில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும்தான் இடமாம். அவளுடைய ஆஸ்பத்திரி செங்கல்பட்டு ஜில்லாவில், அதாவது மெட்ராஸ் மாநிலத்தில் இருந்தது.

எல்லைத் தகராறு முடிவுக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. திருத்தணி மெட்ராஸுக்கு, சத்தியவேட்டுப் பக்கம் ஆந்திராவுக்கு என்று தீர்மானமாயிற்று. ஊரில் கடையடைத்தார்கள், கூட்டம் போட்டார்கள். பிள்ளைகள் இனி என்ன பாஷையில் படிக்கும் என்று தெருவெல்லாம் பேச்சு. தாட்சாயணிக்கும் அந்தக் கவலை இருந்தது. ஆனால் அதற்கடியில் வேறொன்று துள்ளிக்கொண்டிருந்தது. அதை வெளியே காட்ட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

புருஷன் சம்பத் அரிசி மில்லில் ஃபிட்டர். ஒருநாள் அவன் கேட்டே விட்டான்.

"ஊரே மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு கீது. நீ மட்டும் இன்னா பாட்டு பாடிக்கினு கீறே?"

அவள் சொன்னாள். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தன் ஆஸ்பத்திரி ஆந்திராவில் இருக்கும், அதனால் திருப்பதியில் சேரலாம்.

சம்பத் கேட்டான்: "சனி, ஞாயிறு பசங்க?"

"நீங்கதான் பாத்துக்கணும்."

"சோறாக்கத் தெரியாதே எனக்கு."

"சொல்லித் தரேன்."

நைனாவிடம் கேட்டதற்கு அவர் சொன்னார்: "மெட்ராஸ்ல இருக்கறப்பவும் நமக்கு நெலம் இல்ல. ஆந்திராவுக்குப் போனாலும் இல்ல. நீ படி."

மறுபடியும் விளம்பரம் வந்தது. ஏப்ரல் ஐந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஆஸ்பத்திரித் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் வரதராஜனோ மெட்ராஸ் மாநிலத்திலேயே இருந்துகொள்வதாக எழுதிக் கொடுத்து, மார்ச் கடைசி நாளே கிளம்பிவிட்டார். புது டாக்டர் இன்னும் வரவில்லை. "சித்தூர் ஜில்லா ஆபீஸ்லதான் இனிமே கையெழுத்து" என்றார் நாகபூஷணம். அன்றைக்குத் தேதி நான்கு.

ஐந்தாம் தேதி விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறினாள். புத்தூரில் மாறி, சித்தூர் ஆபீஸுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. அங்கே குமாஸ்தா கங்கையா. கர்நூலிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், தமிழ் தெரியாது. தாட்சாயணிக்குத் தெலுங்கு பேச நன்றாக வரும்.

"உங்க பேரு எங்க லிஸ்ட்லே இல்லியேம்மா" என்றார் அவர், தெலுங்கில்.

"செங்கல்பட்டு லிஸ்ட்லயும் இருக்காது சார். ஒண்ணாந்தேதி வெள்ளிக்கிழமையே எடுத்திருப்பாங்க. அப்போ நான் எங்கதான் வேலை பாக்கிறேன்?"

கங்கையா சிரித்துவிட்டார். மூலையைக் காட்டினார். நேற்று செங்கல்பட்டிலிருந்து லாரியில் வந்திறங்கிய பதினோரு சாக்கு மூட்டைகள். எல்லாவற்றிலும் தமிழில் எழுதிய அட்டை. படிக்க ஆள் வரும் வரை பிரிக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள்.

"நான் படிக்கிறேன்" என்றாள் தாட்சாயணி.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் அட்டையைப் படிக்கப் படிக்க, கங்கையா சாக்கின் மேல் சாக்பீஸால் தெலுங்கில் எழுதினார். அம்மை குத்திய கணக்கு. கிணறுகளுக்கு மருந்து போட்டது. பிறப்பு, இறப்பு. ஏழாவது அட்டையில் 'ஆஸ்பத்திரி ஊழியர்' என்று இருந்தது. "இதுதான் சார்" என்றாள். கயிற்றைக் கங்கையாவே அறுத்தார். நாற்பது புத்தகங்களுக்கு நடுவில் அவளுடைய வேலை விவரம் எழுதிய சர்வீஸ் ரிஜிஸ்டர் கிடைத்தது. அவள் அதோடு நிற்கவில்லை. மீதி நான்கு அட்டைகளையும் படித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள். ஒன்றரை மணிக்கு அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

திருப்பதி பஸ் சந்திரகிரியில் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற நின்றபோது மணி நாலைத் தாண்டியிருந்தது. கண்டக்டர் ஒரு குடம் கொண்டு வந்தார். தாட்சாயணியும் இறங்கி, பக்கத்துக் கடையில் இன்னொரு குடம் கேட்டு வாங்கி ஊற்றினாள். "இன்னாம்மா அவசரம்?" என்றார் டிரைவர். "காலேஜ்ல சேரணும்" என்றாள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே உறைத்தது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது காகிதத்தை மேஜை மேல் வைத்தாள். எதிரில் இருந்தவர் படிப்பை நடத்தும் மணியம்மா, நரைத்த தலை, தடித்த கண்ணாடி.

"தெலுங்கு வருமா?"

"வரும் மேடம். பிரசவம் பாக்கிற அளவுக்கு நல்லா வரும். எழுதத்தான் தெரியாது."

"ஒரு வருஷத்துல எழுதணும்" என்று சொல்லி, மணியம்மா விண்ணப்பத்தில் முத்திரை குத்தினார்.

வகுப்பில் மொத்தம் பதினெட்டு நர்ஸ்கள். சனிக்கிழமை ராத்திரி தாட்சாயணி, கூடப் படித்த செங்கம்மாவின் வீட்டில், திருச்சானூரில் தங்குவாள். தெலுங்கு எழுத்தைத் தன் பெண்ணின் முதல் வகுப்புப் புத்தகத்தை வைத்தே கற்றாள். முதல் பரீட்சையில் தெலுங்கில் எழுத வேண்டிய அறிக்கையில் தோற்றாள். இரண்டாவதில் தேறினாள். ஆஸ்பத்திரியில் சனி, ஞாயிறு வேலையை மருத்துவச்சி லட்சுமம்மா பார்த்துக்கொண்டாள். அதற்குப் பதிலாக அவளுடைய வெள்ளிக்கிழமைகளைத் தாட்சாயணி எடுத்துக்கொண்டாள்.

முதல் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்ததும் தாயின் அடிவயிற்றைத் தேய்த்து இறுக வைப்பது தாட்சாயணி பத்து வருஷமாகச் செய்துவந்த வேலை. அன்றைக்கு மணியம்மா கரும்பலகையில் கருப்பையை வரைந்தார். அதன் தசை நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஓடுவதைக் காட்டினார். நடுவில் ரத்தக் குழாய்கள். "தசை இறுகினா என்ன ஆகும்?" என்று கேட்டார். 

"குழாயை நெரிச்சிடும்" என்றாள் தாட்சாயணி. "ரத்தம் நின்னுடும். ஒவ்வொரு நாரும் ஒரு முடிச்சு மாதிரி."

"ஆமாம்" என்று மணியம்மா பாடத்தைத் தொடர்ந்தார். தாட்சாயணி பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். எத்தனை பெண்களின் வயிற்றில் இந்தக் கை இருந்திருக்கிறது, உள்ளே இதுதானா நடந்தது என்று அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு கிழவிக்கு இதை முழுக்கச் சொன்னாள். கிழவியும் கேட்டுக்கொண்டே வந்தாள். ஏழு பெற்றவளாம்.

1963-ல் முடிவு வந்தது. பதினெட்டுப் பேரில் பதினான்கு பேர் தேறினார்கள். தாட்சாயணிக்கு மூன்றாவது இடம். பட்டமளிப்பு நாளில் நைனாவைக் கூட்டிப்போனாள். கறுப்பு அங்கியோடு மகள் வெளியே வந்தபோது வீராசாமி எழுந்து நின்றார். பக்கத்து நாற்காலிக்காரர் உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை.

அடுத்த வருஷம் சித்தூரில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு அவளை மாற்றினார்கள். சம்பத்துக்கும் அங்கேயே ஒரு மில்லில் வேலை கிடைத்தது. முதல் வகுப்பில் இருபத்திரண்டு பெண்கள், பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. தாட்சாயணி இரண்டிலும் பேசினாள். ஒருத்தி கை தூக்கியதும், பாடத்தை நிறுத்திவிட்டு, "கேளும்மா" என்றாள்.