இல்லாத மெக்கானிக்

மெக்கானிக்கிடம் பைக்கை விடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவனுக்கு வண்டி எதற்கு என்று வில்லியனூர் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதுவேன். மெக்கானிக்குகளோ என் பார்வையில் அத்தனை பேரும் அரைகுறைகள்.

ஒரு ஞாயிறன்று நானே செயினைக் கழற்றிக் கழுவி, அதன் இரு முனைகளையும் இணைக்கும் சின்ன லாக்கை மாட்டிவிட்டு, மனைவியோடு மதகடிப்பட்டுக்குக் கிளம்பினேன். அரியூர் தாண்டியதும் செயின் கழன்று விழுந்து வண்டி தள்ளாடியது. பின்னால் வந்த லாரி எங்களை உரசாத குறையாகப் போனது.

பைக்கில் மீன் விற்கும் ஒருவர் நிறுத்திவிட்டு வந்து, செயின் முனையில் வளைந்து தொங்கிய லாக்கைப் பார்த்தார்.

"லாக்கத் திருப்பி மாட்டியிருக்கான்பா. அதோட வாய் பின்பக்கம் பாத்துல்ல இருக்கணும்? இல்லன்னா தெறிச்சிடும்."

தன் பையிலிருந்து வேறு லாக் எடுத்து அவரே மாட்டினார்.

"இன்னா மெக்கானிக்குபா அவன்? எங்க வுட்ட?"

"மதகடிப்பட்டுல ஒருத்தன்" என்றேன். மனைவி என்னையே பார்த்தாள்.

"பொண்டாட்டியோட போற வண்டி. அவன் கையில இனிமே ஸ்பேனரே குடுக்காத."

"திமிர் புடிச்சவன்" என்று நானும் சேர்ந்து திட்டினேன்.

எத்தனையோ மெக்கானிக்குகளைத் திட்டியிருக்கிறேன். அதற்கு முழுத் தகுதியுள்ளவன் அந்த ஒருவன்தான்.