கரையான் விட்டுவைத்த பிறந்த தேதி

பள்ளிக்கூடத்தில் வாத்தியாரைத் தேடி வருகிறவர்கள் நன்றியோடு வருவார்கள். கிளார்க்கைத் தேடி வருகிறவர்கள் அவசரத்தோடு வருவார்கள். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவர் என்றால் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். தங்கவயலில் ஒரு கான்வென்ட் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக நான் கிளார்க்.

மூன்று முனுசாமிகள்

ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டிலிருந்து லட்சுமி என்று ஓர் அம்மா வந்தார். தினமும் ரயிலில் பெங்களூர் போய் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவர். பத்தாவது தேறினால் சூப்பர்வைசர் ஆக்குவார்களாம். எட்டாவதோடு நின்றவர், பிரைவேட்டாகப் பரீட்சை எழுத பிறந்த தேதிக்குச் சான்று வேண்டும். கிறிஸ்தவர் என்றால் மாதா கோயிலில் ஞானஸ்நானப் பதிவு இருக்கும். இவர் இந்து. எங்கள் ரிஜிஸ்டரை விட்டால் வேறு வழியில்லை.

சுரங்கக் கம்பெனிக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் பிள்ளைகளுக்காகக் கன்னியாஸ்திரிகள் தொடங்கிய இங்கிலீஷ் பள்ளியின் ரிஜிஸ்டர்களுக்குத் தோல் அட்டை. சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகளுக்காகப் பிறகு தகரக் கொட்டகையில் நடத்திய தமிழ்ப் பள்ளிக்குச் சாதா நோட்டு. லட்சுமி படித்தது கொட்டகையில். அவர் சேர்ந்த வருஷத்தில் முனுசாமி மகள் லட்சுமி என்று மூன்று பேர் இருந்தார்கள். அங்க அடையாளம் பார்த்தேன். ஒருத்திக்கு இடது புருவத்தில் மச்சம். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார்.

"அப்போ எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான் சார். அதையும் எழுதி வெச்சிருக்காங்க பாருங்க."

வருஷம் எங்கே?

அந்தப் பக்கத்தின் வலது ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. பிறந்த நாளும் மாதமும் இருந்தன, வருஷம் இல்லை. நான் கையை விரித்துவிட்டேன். லட்சுமி பையை மாட்டிக்கொண்டு எழுந்தார். மனசு கேட்காமல், அவரை உட்காரச் சொல்லிவிட்டு நோட்டை ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டரிடம் கொண்டுபோனேன். மங்களூர்க்காரர், தமிழை இங்கே வந்து கற்றுக்கொண்டவர். நிதானமாக வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். எண்ணுக்கு அடுத்த வரியில், இடது ஓரத்திலிருந்தே, பிறந்த தேதியை எழுத்திலும் எழுதியிருந்தார் அந்தக் காலத்து டீச்சர். இத்தனை வருஷம் புரட்டிய எனக்கு அது தோன்றவில்லை.

"நம்பர் போனா போகட்டும், எழுத்து இருக்குதல்லா? டைப் பண்ணுங்க, நான் சைன் போடுறேன்."

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

முதல் தடவை லட்சுமி கணக்கில் தவறிவிட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் காலி வகுப்பில் சிஸ்டரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். வார நாட்களில் லட்சுமி அந்தக் கணக்குகளை ரயிலில் போட்டுப் பார்ப்பாராம். இரண்டாம் தடவை தேறினார், சூப்பர்வைசர் வேலையும் கிடைத்தது. மார்க் ஷீட்டைக் காட்ட வந்தபோது கூடவே இரண்டு பெண்கள், அதே ரயிலில் போகிறவர்கள். நான் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் அவர்களை முன்னால் நிறுத்தினார்.

"இவங்களும் நம்ம ஸ்கூல்தான் சார். நீங்க நோட்டை எடுங்க, நாங்களே தேடிக்கிறோம்."

இருபத்திரண்டு வருஷ சர்வீசில் எனக்கு ஒரு பதவி உயர்வும் வந்ததில்லை. நான் டைப் அடித்த காகிதத்தைக் காட்டி மற்றவர்கள் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், அதிலும் ஒரு பங்கு நமக்கு உண்டு என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.